பந்து வராத ஓட்டங்கள்

பந்து அவனிடம் வரப்போவதில்லை. அது அவனுக்கும் தெரியும், பெருங்குடியில் ஐந்தாவது மாடியில் உட்கார்ந்து அவனைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் மங்கையர்க்கரசிக்கும் தெரியும். ஆனாலும் எமரி ப்ரூட்டன் ஓடுகிறான், மைதானத்தின் இடது ஓரத்தில், கோட்டை ஒட்டி, பின்னால் யாரோ துரத்துவது போல. எறிகிறவன் வலது பக்கம் பார்த்து எறிந்துவிட்டான். டி.வி.க்கு எடுத்த படமாக இருந்தால் கேமராவும் பந்தோடு அந்தப் பக்கம் போயிருக்கும், எமரி என்று ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. இது பயிற்சியாளர்கள் பார்ப்பதற்காக உயரத்திலிருந்து எடுத்த படம். எல்லா ஆட்டக்காரர்களும் எல்லா நேரமும் தெரிவார்கள், சத்தம் மட்டும் கிடையாது. மங்கைக்கு இந்த ஊமைப்படங்கள்தான் பிடிக்கும். பெயர்தான் அமெரிக்கக் கால்பந்து, கையால் எறிந்து கையால் பிடிக்கிற ஆட்டம். வரிசையின் கடைசியில், மற்றவர்களிடமிருந்து ஒதுங்கி, ஏதோ கல்யாணத்துக்கு வந்து யாரையும் தெரியாமல் நிற்பவன் போல ஒருவன் நிற்பானே, அவன்தான் ரிசீவர். அவன் வேலை முன்னால் ஓடுவதும், பந்து வந்தால் பிடிப்பதும். வந்தால்தான். முக்கால்வாசி ஓட்டங்களில் வராது. அந்த வராத ஓட்டங்களில் ஒரு ஆள் என்ன செய்கிறான் என்று பார்ப்பது அவளுக்கு ஒரு பழக்கமாகி, பிறகு ஆசையாகி, இப்போது கிட்டத்தட்ட ஒரு கெட்ட பழக்கம் என்று சேவியர் சார் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. அவர் அமெரிக்க அணி ஒன்றுக்காக ஆட்டப்படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் இந்தப் பிரிவின் தலைவர், தூத்துக்குடிக்காரர், எதையும் சீக்கிரம் முடித்துவிட்டு டீ குடிக்கப் போக விரும்புகிறவர். பிடிச்சானா, விட்டானா, எழுதிட்டுப் போ மங்கை, என்பார். ஆனால் பிடிக்கிறபோது எல்லாரும் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள். மன்னார்குடியிலிருந்து கல்லூரி ஹேண்ட்பால் அணிக்குப் போய், மாநில அணிவரை ஆடியவள் அவள். உயரத்தில் வரும் பந்துக்குக் கட்டைவிரல்கள் சேர வேண்டும், தாழ்வாக வரும் பந்துக்குச் சுண்டுவிரல்கள் சேர வேண்டும், அவ்வளவுதான், உலகம் முழுக்க அவ்வளவுதான். பிடிக்காதபோதுதான் ஒவ்வொருவனும் வேறு வேறு ஆளாகிறான். ஒருவன் இடுப்பில் கை வைக்கிறான். ஒருவன் கூட்டத்தில் யாரையோ தேடுகிறான். அந்த உயரமானவன், டூலி, பந்து தனக்கில்லை என்று தெரிந்த கணமே மூன்றாவது எட்டில் தளர்ந்துவிடுகிறான், பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி.

இன்று சாயங்காலம் அந்த அணிக்கு ஆள் தேடும் ஹோலிஸ் பேசுவார். கடலுக்கு அந்தப் பக்கம் அவருக்கு அப்போதுதான் விடிந்திருக்கும், கையில் காபி இருக்கும், மெதுவாகப் பேசுவார், இவர்களுக்குப் புரிய வேண்டுமே என்பதற்காக. டூலியா, எமரியா, யாரை மேலே வைப்பது என்று கேட்பார். வசந்த காலத்தில் அங்கே ஒரு நாள் குறித்து, கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வார்கள். டிராஃப்ட் என்று பெயர். முன்னால் எடுக்கப்பட்டவனுக்கு வீடு, கார், அம்மாவுக்கு வைத்தியம். பின்னால் தள்ளப்பட்டவன் உடற்பயிற்சி ஆசிரியராகப் போவான், அல்லது மங்கையைப் போல எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்ப்பான். முடிவெடுப்பது சென்னை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அங்கே பத்து பேர் உட்கார்ந்து பேசுவார்கள், அதில் ஒருவர் ஹோலிஸ், ஹோலிஸ் கையில் இருக்கும் பல காகிதங்களில் ஒன்று இவர்களுடையது. ஆனால் போன வருஷம் அவள் ஒருவனுடைய இடது கையைப் பற்றிச் சொன்னதை ஹோலிஸ் நினைவில் வைத்திருந்து பாராட்டினார், அதிலிருந்து அவர் கேள்விகளை அவளிடம் நேராகவே கேட்கிறார், அதிலிருந்து அவளுக்குத் தூக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. போன் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. அவள் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. கணவன் மாறன் இந்நேரம் மகள் ஆதிரையைக் கூட்டிக்கொண்டு அடையாறில் அந்தக் காது பரிசோதனைக் கூடத்துக்குப் போயிருப்பான், உள்ளே கூப்பிட்டிருப்பார்கள், அல்லது இன்னும் வெளியே அந்த நீல நாற்காலிகளில் உட்கார வைத்திருப்பார்கள். நாற்காலி நீலம் என்று அவளுக்கு எப்படித் தெரியும், அவள் அங்கே போனதே இல்லையே. இன்று ஹோலிஸ் பேசுவார் என்றுதான் அவள் போகவில்லை. நேற்று அப்படித்தான் சொன்னாள். மாறன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சரி, ரெண்டு பேரும் வந்தா அவளும் மிரண்டுருவா,” என்றான். நல்லவன். பொய்யை வாங்கி, மடித்து, பையில் வைத்துக்கொள்கிற மாதிரி வைத்துக்கொள்வான்.

மறுபடி அந்த மழை நாள் ஓட்டம். அவள் இதை எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று கணக்கில்லை. இது வேறு ஆட்டம், அவனுடைய சொந்த மைதானம், மழை பெய்து பாதி இருக்கைகள் காலி. வரிசை நிற்கிறது, பந்து கிளம்புகிறது, உடனேயே நடுவில் யாரோ தப்பு செய்திருக்க வேண்டும், நடுவர் விசில் ஊதியிருப்பார், ஆட்டம் செல்லாது, எல்லாரும் இரண்டடி வைத்து நின்றுவிட்டார்கள். எதிரணியில் அவனைத் தடுப்பவன் இடுப்பை நிமிர்த்துகிறான். எறிகிறவன் பந்தை நடுவரிடம் தூக்கிப் போடுகிறான். ஒருவன் காலணிக் கயிற்றைக் கட்டக் குனிகிறான். எமரி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறான். முழு வேகத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, ஆளில்லாத புல்வெளியில், நேராக, பிறகு அழகாக உள்பக்கம் ஒரு வெட்டு வெட்டி, கைகளைத் தூக்கித் திரும்புகிறான், வராத பந்துக்காக. திரும்பிய பிறகுதான் நிற்கிறான். எல்லாரும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதைப் பார்த்து அவனும் சிரித்துக்கொண்டு நடந்து வருகிறான். இந்தக் காட்சி அவனைப் பற்றி எழுதிய எல்லாருக்கும் பிடித்திருந்தது. விசில் ஊதிய பின்னும் ஓடுகிறவன். அப்படி ஒரு ஈடுபாடு. இவனுக்கு ஆட்டம் என்றால் வெறி. ஹோலிஸும் அப்படித்தான் எழுதியிருந்தார். அவளும் முதல் வாரம் அப்படித்தான் எழுதினாள், எழுதி அதன் கீழே கோடுகூடப் போட்டாள். பிறகு ஒரு நாள் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. பால்கனிக் கம்பியில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுப் பூனை தூக்கிவாரிப் போட்டு ஓடியது. ஆதிரை சமையல்கட்டு வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து டப்பா மூடிகளை அளவு பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை அசையவில்லை. தோள் அசையவில்லை. மங்கை கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். பூனை ஓடிய பக்கம் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். அடுத்த விசிலுக்காகக் காத்திருந்தாள். அது வர எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது.

நல்ல கான்சன்ட்ரேஷன் மேடம், என்று மழலைப்பள்ளி ஆசிரியை சொன்னபோது மங்கைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு வேலையில உக்காந்தா இடியே விழுந்தாலும் திரும்ப மாட்டா. மாறன், உன்னை மாதிரி அழுத்தம், என்றான். நாலு வயசில் பேச்சு கொஞ்சம் மழுங்கலாக இருந்தால் என்ன, சில பிள்ளைகளுக்கு அப்படித்தான். எல்லாரும் கெட்டிக்காரர்கள், எல்லாரும் அன்பானவர்கள், ஒவ்வொருவரும் அந்தத் திரும்பாத முதுகுக்கு ஒரு நல்ல பெயர் வைத்தார்கள். ஈடுபாடு. கவனம். அழுத்தம். மங்கை திரையை நிறுத்தினாள். எமரியின் முதுகு, ஏழாம் எண், மழையில் நனைந்து இருண்டிருந்தது. இதில் எது நான் பார்ப்பது, எது என் வயிற்றுக்குள்ளிருந்து வந்து அங்கே ஒட்டிக்கொள்வது? பல்வலி வந்தவனுக்கு ஊரில் எல்லாருடைய பல்லும் கண்ணில் படும். மகளுக்குக் காது கேட்கிறதா என்று தெரியாத ஒருத்தி, உலகத்தின் மறுகோடியில் இருபத்திரண்டு வயசுப் பையன் ஒருவனின் முதுகைப் பார்த்து, இவனுக்கும் கேட்கவில்லை என்று சொன்னால், அதை வேலை என்று சொல்வதா வேறென்ன என்று சொல்வதா? ஆனால் கேள்வி போகமாட்டேன் என்றது. பயம் கொஞ்சம், ஆனால் பயத்தைவிட அந்த இன்னொன்றுதான் அவளை நாற்காலியின் நுனிக்குத் தள்ளியது. எப்படி? கேட்காமல் எப்படி இவ்வளவு தூரம் வந்தான்?

“இன்னுமா இவனையே பாத்துக்கிட்டிருக்க?” சேவியர் சார் டீயோடு வந்து பின்னால் நின்றார். அவர் வந்தது அவளுக்குக் காலடிச் சத்தத்தில் தெரிந்தது, திரும்பாமலே தெரிந்தது, அது தெரிந்ததையே அவள் ஒரு கணம் ஆச்சரியமாக நினைத்துக்கொண்டாள். “சார், இவனுக்குக் காது சரியாக் கேக்காதுன்னு தோணுது,” என்றாள். அவர் ஒரு வாய் டீ குடித்தார். “யாரு சொன்னா?” “யாரும் சொல்லல. விசிலுக்கு நிக்க மாட்டேங்கறான்.” “அது அவன் வெறி அம்மா. அதுக்குத்தான மார்க்கு.” “வெறியா இருந்தா எல்லாத் தடவையும் ஓடணும்ல சார். முகம் இந்தப் பக்கம் இருந்தா மத்தவங்களோடயே நின்னுடறான்.” சேவியர் சார் குனிந்து திரையைப் பார்த்தார். அவருக்கு இதில் விருப்பம் வந்துவிட்டது தெரிந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. “அங்க லட்சம் பேர் கத்துவான். எவனுக்குத்தான் கேக்கும்,” என்றார். அது நியாயமான பேச்சு. அவளும் அதைத்தான் நேற்று முழுக்க யோசித்தாள். “அதனாலதான் சார் இந்த மழை ஆட்டத்தை எடுத்தேன். கூட்டமே இல்ல.” அவர் நிமிர்ந்தார். “இங்க பாரு, காது, மூக்கு, முழங்கால் எல்லாம் டாக்டர் பாக்கற சமாச்சாரம். நாம ஆட்டத்தை மட்டும்தான் பாக்கணும். உன் பொண்ணுக்கு இன்னைக்குத்தான டெஸ்ட்டு?” “ஆமா சார்.” “ம்,” என்றார். அந்த ம்முக்குள் எல்லாம் இருந்தது. அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்காதே என்பதும், போய்ப் பார்த்திருக்கலாமே என்பதும், பாவம் என்பதும். நடந்து போகும்போது அவர் செருப்பு ஒரு காலில் மட்டும் தேய்ந்து ஒலித்தது.

டி.வி. ஒளிபரப்பைத் தேடி எடுத்தாள். சத்தமுள்ள படம். இவர்கள் வேலைக்கு அது தேவையில்லை என்பதால் யாரும் திறப்பதில்லை. காதில் ஹெட்போனை மாட்டியதும் மழை முதலில் வந்தது, பிறகு வர்ணனையாளர்களின் கரகரப்பு, எங்கோ ஒரு முரசு. விசில். தெளிவாக, மெல்லிய கம்பி போல, மழையைக் கிழித்துக்கொண்டு. அவளுக்கே உடம்பு நின்றது, பத்து வருஷத்துக்கு முன் விட்ட ஆட்டத்தின் விசிலுக்கு இன்னும் இந்தத் தொடைகள் கட்டுப்படுகின்றன. எமரி ஓடினான். அடுத்ததைத் தேடினாள். விசில், அவன் நடுப்பக்கம் பார்த்து ஓடுகிறான், நின்றான். அடுத்தது, முதுகு, விசில், ஓடுகிறான். அடுத்தது, பக்கவாட்டில், விசில், இரண்டடி கூட வைத்து, தடுப்பவனின் தோள் தளர்வதைக் கண்டு நின்றான். ஆமாம், தோள். அவன் தோள்களைப் பார்க்கிறான். இது தெரிந்த பிறகு அவளால் வேறெதையும் பார்க்க முடியவில்லை. ஆட்டம் தொடங்கும் முன் எறிகிறவன் கத்துவான், அதன் தாளத்தில்தான் மற்றவர்கள் கிளம்புவார்கள், எமரி பந்தைப் பார்த்துக் கிளம்புகிறான், இமைப்பொழுது தாமதமாக, ஆனால் ஒருபோதும் தவறாக இல்லை. எல்லாரும் வட்டமாகக் கூடி நின்று பேசும்போது அவன் எப்போதும் எறிகிறவனுக்கு நேர் எதிரில் நிற்கிறான். எப்போதும். ஒரு தடவை வேறொருவன் அந்த இடத்தில் நின்றுவிட, எமரி அவனைச் செல்லமாக இடித்து நகர்த்திவிட்டு நின்றான், அதற்கு வர்ணனையாளர் ஒருவர் சிரித்தார், சுட்டிப் பையன் என்றார். முகக்கவசக் கம்பிகளுக்கு இடையில் உதடு எவ்வளவு தெரியும்? கல்லூரி ஆட்டத்தில் திட்டத்தை ஓரத்திலிருந்து கைச்சைகையாலும், படம் போட்ட பெரிய அட்டைகளைத் தூக்கிக் காட்டியும்தான் சொல்வார்கள். பார்த்தால் போதும். அதனால்தான் இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது. ஆனால் மேலே, தொழில்முறை அணிக்குப் போனால் அப்படியில்லை, எறிகிறவன் காதுக்கு மட்டும் ரேடியோவில் வரும், அவன் வட்டத்தில் நின்று வாயால் சொல்வான், நீளமாக, வேகமாக, ஒரே ஒரு முறை. அங்கே இவன் என்ன செய்வான்? யாருக்காவது சொல்லியிருப்பானா? அவன் அம்மாவுக்குத் தெரியுமா? அவனுக்கே தெரியுமா? எல்லாருக்கும் உலகம் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பானோ, எல்லாரும் தோள்களையும் உதடுகளையும் பார்த்துத்தான் வாழ்கிறார்கள் என்று, தான் கொஞ்சம் மந்தம் என்று? எண்பதாயிரம் பேர் எழுந்து நிற்கும்போது அவனுக்கு என்ன வரும், பாதத்தில் ஒரு அதிர்வா, மார்புக்கூட்டில் ஒரு கனமா? ஆதிரை தூங்கும்போது மங்கையின் மார்பில் காதை அழுத்தி வைத்துத்தான் தூங்குவாள், வலிக்கும் அளவுக்கு அழுத்தி. பாசம் என்று நினைத்திருந்தாள். பாசமாகவும் இருக்கலாம். ஒன்றுக்கு ஒரு பெயர்தான் இருக்க வேண்டும் என்று என்ன.

போன் அதிர்ந்தது. கவிழ்ந்து கிடந்ததால் மேசையே அதிர்ந்த மாதிரி இருந்தது. அவள் ஹெட்போனைக் கழற்றாமலே எடுத்து, பிறகு கழற்றினாள். “சொல்லு மாறா.” பின்னால் ஆட்டோ ஹாரன்களும் யாரோ டோக்கன் எண் கூப்பிடுவதும் கேட்டன. “ரெண்டு காதுலயும் குறைவாத்தான் இருக்கு மங்கை. முழுசா இல்லாம இல்ல. காதுக்கு மெஷின் வெச்சா நல்லா வரும்ங்கறாங்க. பேச்சுப் பயிற்சி குடுக்கணுமாம்.” அவள் ம் என்றாள். “கேக்குதா?” என்றான். “கேக்குது, சொல்லு.” பிறகு அவன் குரல் கொஞ்சம் மாறியது, சிரிக்கிறானா என்று சந்தேகமாக இருந்தது. “உள்ள என்ன பண்ணா தெரியுமா? ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டா ஒரு பாசிமணியை எடுத்து டப்பாவுல போடச் சொன்னாங்க. எல்லாத்துக்கும் கரெக்டாப் போட்டா. அந்தம்மாவே, உங்க பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லையேன்னு சொல்லிட்டாங்க. எனக்கு உசிரு வந்துச்சு. அப்புறம் அவங்களுக்கே என்னமோ தோணி, டெஸ்ட் பண்ற மெஷினை ஒரு அட்டை வெச்சு மறைச்சாங்க. அவ்வளவுதான், கையில மணிய வெச்சுக்கிட்டு அப்படியே அவங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. அவங்க விரல் பட்டனுக்குப் போறதைப் பாத்துப் பாத்துப் போட்டிருக்கா மங்கை. சத்தத்தைக் கேட்டே போடல. பயங்கரமான புள்ளை சார், அதான் இவ்வளவு நாள் உங்களுக்குத் தெரியாமப் போச்சுன்னாங்க.” மங்கை எதிரே திரையைப் பார்த்தாள், அங்கே மழையில் ஏழாம் எண் நின்றுகொண்டிருந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தாள். அதற்குப் பதிலாக வந்தது அந்த விரல். ஒரு பெண்ணின் விரல், பட்டனை நோக்கி ஒரு அங்குலம் நகர்வது, அதற்குள் ஒரு சின்னக் கை மணியைத் தூக்கிவிடுவது. எவ்வளவு வேகம். பந்து கிளம்புமுன்பே. “அவகிட்ட குடு,” என்றாள். “இங்க பில் போடற எடம், கூட்டமா இருக்கு. வெளிய போயிட்டு வீடியோல கூப்பிடறேன்,” என்றான் மாறன். வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, ஆதிரை ஒரு நாளும் போனைக் காதில் வைத்துப் பேசியதில்லை. காதில் வைத்தால் எடுத்து முன்னால் பிடித்துப் பார்ப்பாள், முகம் எங்கே என்று.

ஹோலிஸ் சொன்ன நேரத்துக்கு வந்தார். சேவியர் சார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், பெரிய திரையில் ஹோலிஸின் நரைத்த தாடி, பின்னால் ஜன்னலில் பழுப்பு வெளிச்சம். டூலியைப் பற்றிக் கேட்டார், அவள் சொன்னாள். கைகள் நல்ல கைகள், பந்து வரும்போது மட்டும் விழித்துக்கொள்கிறான். எமரிக்கு வந்தார்கள். எனக்கு இந்தப் பையனைப் பிடிக்கும், விசிலுக்குப் பிறகும் ஓடுகிறான் பார், என்றார் ஹோலிஸ் ஆங்கிலத்தில், இதை நான் மேலே போய் எல்லாருக்கும் காட்டப் போகிறேன். சேவியர் சார் மேசைக்கடியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தார், அது நின்றது. சொன்னால், ஒருவன் தன் உடம்புக்குள் பூட்டி வைத்திருப்பதை, அவனைப் பார்த்தே இராத ஒருத்தி, திறந்து வைக்கிறாள். அவனுக்கு மேல் டூலி போவான், டூலிக்கு மேல் வேறு யாராவது. சொல்லாவிட்டால், அவனிடம் இல்லாத ஒரு வெறிக்காக அவர்கள் அவனை எடுப்பார்கள், பிறகு வட்டத்தில் ஒரு நாள் அவன் தப்பாக ஓடுவான், இன்னொரு நாள், பிறகு வெறி என்றவர்களே திமிர் என்பார்கள். அதற்கும் ஒரு பெயர் தயாராக இருக்கும். அவள் கேள்வியாகத்தான் கேட்டாள், தன் காதுக்கே அது மெதுவாகக் கேட்டது. “நீங்கள் அவனை நேரில் பார்த்தீர்கள் அல்லவா? எப்போதாவது பின்னாலிருந்து கூப்பிட்டீர்களா?”

ஹோலிஸ் காபிக் கோப்பையை வாயருகே கொண்டுபோனவர் கீழே வைத்தார். படம் உறைந்துவிட்டது என்று சேவியர் சார் கம்பியை அசைக்கப் போனார். பிறகு ஹோலிஸ் சொன்னார், பயிற்சி முடிந்து அவன் காலணி கழற்றிக்கொண்டிருந்தபோது பேசலாம் என்று போனேன், இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. ஏதோ யோசனையில் இருக்கிறான், தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைத்தேன். அந்த வருஷம் நான் பார்த்தவர்களிலேயே இவனுக்குத்தான் கவனம் அதிகம் என்று எழுதினேன். அவர் தன் தாடியைத் தடவிக்கொண்டார். உனக்கு எப்படித் தோன்றியது என்றார். என் மகளுக்கு அப்படி இருக்கிறது, இன்றுதான் தெரிந்தது, என்றாள் மங்கை. வேறெதையும் சேர்க்கத் தோன்றவில்லை. அதனால் நான் பார்த்ததை நீங்கள் பாதியாகவே எடுத்துக்கொள்ளலாம், என்றாள். ஹோலிஸ் தலையசைத்தார், வருந்துகிறேன் என்றார், அது எல்லாரும் சொல்வது, ஆனால் அவர் கேமராவைப் பார்க்காமல் அவள் முகம் இருக்கும் இடத்தைப் பார்த்துச் சொன்னார். இதை அறிக்கையில் எழுதப் போகிறாயா, என்று கேட்டார். இல்லை, என்றாள். அதைச் சொல்ல வேண்டியது அவன். நான் அவன் பார்ப்பதை எழுதுகிறேன், தடுப்பவனின் தோள் தளர்வதை மற்ற எவரையும்விட முன்னால் பார்க்கிறான் என்று எழுதுகிறேன், அந்த விசில் ஓட்டத்தை மட்டும் எடுத்துவிடுகிறேன். நீங்கள் போய் அவனிடம் பேசுங்கள். முன்னால் போய் நின்று பேசுங்கள். அவன் சொன்னால் வட்டத்தில் அவனை எங்கே நிறுத்துவது, யார் எப்படிச் சொல்வது என்று நீங்கள் யோசிக்கலாம். காது கேட்காதவர்கள் முன்னமே ஆடியிருக்கிறார்கள், என்று சேவியர் சார் குறுக்கே நுழைந்தார், இவ்வளவு நேரம் அவர் அதை எங்கே வைத்திருந்தார் என்று தெரியவில்லை. ஹோலிஸ் எழுதிக்கொண்டார், அல்லது எழுதுவது போல ஏதோ செய்தார். கடைசியில், டூலிக்கு மேலேயா கீழேயா, என்றார். மேலே, என்றாள் மங்கை. அங்கே மற்றவர்களிடம் இதற்கு நான் என்ன காரணம் சொல்வேன், என்று கேட்டார். டூலி பந்து வந்த பிறகு பார்க்கிறான், இவன் அது கிளம்புவதற்கு முன் பார்க்கிறான், என்றாள். ஹோலிஸ் யோசித்தார். யோசித்துப் பார்க்கிறேன் என்றார். அவர் அப்படிச் சொன்னால் அது ஆமாமும் ஆகலாம், இல்லையும் ஆகலாம்.

திரை இருண்டதும் சேவியர் சார் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். “வீட்டுக்குப் போ. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்,” என்றார், ஊர்ப் பேச்சு தானாக வந்துவிட்டது. அவள் பையை எடுத்துக்கொண்டு லிப்டுக்குப் போகாமல் படிக்கட்டுக்குப் போனாள், ஏன் என்று தெரியாமல். செய்தது சரியா? அவன் இவ்வளவு நாள் ஒருவருக்கும் தெரியாமல் கட்டிக்காத்ததை ஒரு கேள்வியால் அவிழ்த்துவிட்டாளா? அங்கே ஒரு காலையில் ஒரு நரைத்த தாடிக்காரர் அவன் எதிரில் வந்து நிற்பார், அவன் உதடுகளைப் பார்ப்பான், அவர் சொல்வது புரிந்ததும் அவன் முகம் எப்படி மாறும், அதை மட்டும் யாரும் படம் எடுத்து அனுப்பமாட்டார்கள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஜன்னல் திறந்திருந்தது. கீழே மெட்ரோ வேலைக்காக ரோட்டைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். லாரி ரிவர்ஸ் எடுக்கும் கீச்சு, பஸ் ஹாரன், துளைப்பானின் உறுமல், அதற்குள் எங்கோ ஒரு பெண் யாரையோ அண்ணே என்று கூப்பிடுவது. அவள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள், இது ஆதிரைக்குப் போகுமா, இது போகுமா. உறுமல் போகும், அது பாதத்திலேயே ஏறுகிறது. கீச்சு போகாது. அண்ணே போகாது. வெயில் சாய்ந்து எதிர்க் கட்டடக் கண்ணாடிகளில் மஞ்சளாக ஒழுகியது, அது முழுசாகப் போகும். அப்போதுதான் பயம் வந்தது, இத்தனை நேரம் வரிசையில் நின்று தன் முறைக்குக் காத்திருந்த மாதிரி, நிதானமாக. அவள் படியில் உட்கார்ந்தாள். போன் வெளிச்சம் போட்டது. மாறனின் வீடியோ அழைப்பு.

படம் ஆடியது, மாறனின் சட்டைப் பொத்தான், ஒரு வேப்பமரக் கிளை, பிறகு ஆதிரையின் முகம், திரை கொள்ளாமல், மிக அருகில். அவள் எதுவும் பேசாமல் அம்மாவின் வாயையே பார்த்தாள். எப்போதும் அப்படித்தான் பார்த்திருக்கிறாள். மங்கை இன்றுதான் அவள் எங்கே பார்க்கிறாள் என்று பார்த்தாள். கீழே துளைப்பான் மறுபடி பிடித்துக்கொண்டது, அந்த இரைச்சலில் எதைச் சொன்னாலும் யாருக்கும் கேட்காது, அதனாலோ என்னவோ, என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை அவளுக்கு அடக்க முடியாமல் வந்தது. குரலை முழுக்க விட்டுவிட்டு, உதட்டை மட்டும் அசைத்தாள். சாப்பிட்டியா? ஆதிரையின் புருவம் ஒரு கணம் சேர்ந்து பிரிந்தது. “தாப்பித்தேன்,” என்றாள் சத்தமாக, “தோதை.” மாறன் பின்னாலிருந்து, “என்ன கேட்ட? எனக்கு ஒண்ணும் கேக்கலையே,” என்றான். அவள் போனை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, குரலில்லாமல், நிதானமாகக் கேட்டாள். பயமா இருந்துச்சா? குழந்தை அந்த உதடுகளைக் கூர்ந்து பார்த்தாள், பார்த்துக்கொண்டே தன் உதட்டாலும் அதை ஒரு தடவை செய்து பார்த்தாள். பிறகு முகம் தெளிந்தது.

“பழம் இல்லம்மா,” என்றாள் ஆதிரை. “அப்பா ஐக்கிரீம் வாங்கித் தந்தாரு.”